வண்டிக்குள் முட்டை நாற்றம்

முதலில் அந்த நாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அழுகிய முட்டையின் நாற்றம். எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை, ஆனாலும் அந்த நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நான் வளர்ந்த தெருமுனையில் ஒரு முட்டை மண்டி இருந்தது. உடைந்ததையெல்லாம் சாக்கடை ஓரம் கொட்டுவார்கள். தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இடத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவேன். அதே நாற்றம், இத்தனை வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நாங்கள் ஆசை ஆசையாகக் கட்டி முடித்த வண்டிக்குள் இருந்தது. மறுநாள் விடிந்ததும் கிளம்புவதாக இருந்தோம். கதவைத் திறந்து முகர்ந்தவள் நான்தான். எங்கள் வீட்டில் மூக்கு வேலை செய்கிற ஆளும் நான் ஒருத்திதான். என் கணவருக்குக் கொரோனா வந்து போனபோது வாசனை தெரியாமல் போனது. பிறகு திரும்பவே இல்லை.

அன்றைக்கு மூக்கு சரியாகத்தான் சொன்னது. நான்தான் அது சொன்னதை வேறு ஆள் தலையில் கட்டினேன்.

நான் முப்பது வருஷம் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தவள். பிறர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். அலுவலகத்தில் என்னைக் கண்டால் பையன்கள் பயப்படுவார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. வேலையை விட்ட பிறகு அந்தக் குணம் வீட்டோடு தங்கிவிட்டது. வீட்டில் தப்புக் கண்டுபிடிக்க இருந்தது என் கணவர் ஒருவர். அவரிடம் தப்புக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. மாநில அரசின் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் கண்ணால் பார்க்காத எல்லைக்கல்லைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டார். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "நீ பார்த்தியா?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்த நாட்கள் உண்டு.

அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும். குறட்டை திடீரென்று நிற்கும், ஒன்றும் கேட்காது, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வந்தவர் மாதிரி ஒரு இழுப்பு இழுப்பார். டாக்டர் ஒரு மிஷின் கொடுத்தார். முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு படுத்தால் அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். மிஷின் வந்த பிறகு நானும் தூங்கினேன். ஆனால் மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. அன்று ராத்திரி முழுக்க நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தட்டி எழுப்பினேன். அதற்குப் பிறகு நாங்கள் வெளியூரில் தங்கவில்லை. நான்தான் தங்கவிடவில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மங்களூர் பக்கம் எங்கேயாவது, அலைச் சத்தம் கேட்கிற இடத்தில் படுத்துத் தூங்க வேண்டும். ஊர் ஊராக நிலம் அளந்த மனிதர், கடலோரம் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. அதற்காகத்தான் வண்டி. பழைய மினி லாரி ஒன்றை வாங்கி, பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை கட்டினோம். ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, இரண்டு ஜன்னல். கட்டிலுக்கு அடியில் ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரி நின்றால் மிஷின் நிற்கும், மிஷின் நின்றால் அவர் மூச்சு நிற்கும். ஆகவே பேட்டரியை வேறு யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, நானே தேர்ந்தெடுப்பேன் என்று முடிவு செய்தேன்.

மூன்று வாரம் படித்தேன். வண்டியில் வீடு கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் போடுகிற வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். லித்தியம் நல்லது என்று பாதிப் பேர் சொன்னார்கள். ஆனால் மின்சார ஸ்கூட்டர் தானாகப் பற்றி எரிகிற வீடியோக்களும் அதே போனில் அடுத்தடுத்து வந்தன. அதைப் பார்த்ததும் லித்தியம் வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். நெருப்புக்குப் பயந்துதான் ஒதுக்கினேன்.

ஒக்கலிபுரத்தில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், லாரிக்காரர்கள் போகிற ஒரு பேட்டரிக் கடை இருந்தது. கடைக்காரர் பெரியவர், கன்னடமும் தமிழுமாகப் பேசுவார். கையில் அமிலம் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. நான் போனதும் நோட்டைத் திறந்து என் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"மேடம், லாரி பேட்டரி கேக்கறீங்க. அது வண்டிய ஸ்டார்ட் பண்ண ஒரே உதை உதைக்கும், அவ்ளோதான் அதோட வேலை. ராத்திரி பூரா மிஷின் ஓடணும்னா இது ஆகல்ல. நோடி, பாருங்க, இந்த டியூபுலர் பேட்டரி தகோளி, எடுத்துக்குங்க. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடறது. நல்லா பாத்துக்கிட்டா ரொம்ப வருஷம் வரும்."

"லித்தியம்?"

"அதுலயும் நல்ல ஐட்டம் இருக்கு மேடம். சின்ன வண்டிக்குள்ள வெக்கறதுன்னா நான் அதைத்தான் சொல்வேன். இது தண்ணி குடிக்கும், மூச்சு விடும். மனுஷர் தூங்கற ரூம்ல வெக்கற பொருள் இல்ல."

விலை கூடினதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் கடைக்காரர்கள் யாரையும் நம்பியதில்லை. "இது எத்தனை வருஷம் வரும்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன். உத்தரவாத அட்டையைக் காட்டினார். அங்கேயிருந்ததிலேயே அதில்தான் அதிக வருஷம் போட்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

அவர் மறுபடியும் சொன்னார். "சரி, தகோளி. ஆனா பெட்டியில ஓட்டை வெக்கச் சொல்லுங்க. சார்ஜ் ஏறும்போது இதுக்குள்ளேருந்து கேஸ் வரும். அது வெளிய போயே ஆகணும். தண்ணி குறையாம பாருங்க. இந்த சார்ஜர்ல சுவிட்சை இந்தப் பக்கம் தள்ளினா வேகமா ஏறும். அவசரத்துக்கு மட்டும். ஏறினதும் மறக்காம இந்தப் பக்கம் தள்ளிடுங்க." பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் கேன்கள் ஆறு கொடுத்தார். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் என் கையெழுத்திலேயே எல்லாம் இருக்கிறது.

வண்டிக்குள் மரவேலை செய்தவர் முப்பத்தைந்து வயதுக்காரர். திருவண்ணாமலைப் பக்கம் ஊர். முன்பு லாரிக்குப் பாடி கட்டுகிற ஷெட்டில் வேலை பார்த்தவர். பேச்சு கம்மி, கை சுத்தம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், காம்பவுண்டுச் சுவர் ஓரம் வண்டியை நிறுத்தி ஒரு மாதம் வேலை செய்தார். வந்த முதல் நாளே நான் அவரிடம் சொன்னேன். "வண்டிக்குள்ள உக்காந்து சாப்பிடாதீங்க. நாங்க சுத்த சைவம். சார் சாமி படமெல்லாம் வெக்கப் போறார்." அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி மேடம்" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. மத்தியானம் ஆனால் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போவார். அங்கே ஒரு புங்க மரம். அதன் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் இருந்து பார்த்தால் நேராகத் தெரியும். ஒரு நாள் நல்ல மழை. தலைக்கு மேல் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் காபியோடு நின்று பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினேன்.

கட்டிலுக்கு அடியில் பேட்டரிக்குப் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்தார். அதிலிருந்து வண்டியின் வெளிப்பக்கம் போகிற மாதிரி இரண்டு ஓட்டை போட்டு, பூச்சி வராமல் வலை அடித்தார். "இதை மட்டும் எப்பவும் அடைச்சிடாதீங்க மேடம்" என்றார். ஆக, இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள்.

வேலை முடிந்து வண்டியை ஹோசூர் வரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பி வந்தால் கட்டில் விரிப்பு முழுக்கச் செம்மண் தூசி. அந்த ஓட்டை வழியாக வந்திருக்கிறது. மூச்சுக் கோளாறு உள்ள மனிதர் படுக்கிற இடத்தில் இவ்வளவு தூசியா என்று எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் வீட்டில் இருந்தது. வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு ஓட்டையையும் நாலு அடுக்கு ஒட்டினேன். ஊருக்குப் போய் வந்த பிறகு அவரைக் கூப்பிட்டு வேறு ஏற்பாடு செய்யச் சொல்லலாம் என்று நினைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பார்க்கிங்கில் இருந்த பிளக்கில் சார்ஜரைச் செருகினேன். சனிக்கிழமை கிளம்ப வேண்டுமே என்று வேகமாக ஏறுகிற பக்கம் சுவிட்சைத் தள்ளினேன். வண்டிக்குள் யாராவது கை வைத்துவிடுவார்கள் என்று ஜன்னல், கதவு எல்லாவற்றையும் பூட்டினேன். வியாழக்கிழமை முழுக்கத் துணி மடித்தேன், மாத்திரைகளை எண்ணி வைத்தேன், புளிசாதம் கிளறினேன். சுவிட்ச் ஞாபகத்தில் இல்லை. தண்ணீர் கேன்கள் ஆறும் வண்டி அலமாரியில் மூடி திறக்காமலே இருந்தன. அந்த இரண்டு நாளும் கட்டிலுக்கு அடியில் அது கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மேலே மூன்றாம் மாடியில் கடற்கரைக்கு எந்தச் செருப்பை எடுத்துப்போவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை துணி மூட்டையை வைக்கப் போய்க் கதவைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே காற்று வெதுவெதுப்பாக இருந்தது. அதையும் நான் கவனித்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். காலை எட்டரை மணிக்கு பெங்களூரில் என்ன வெயில்? அந்தக் கேள்வியை ஒரு டெஸ்டர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் குற்றவாளி யாரென்று என் மனசில் அதற்குள் முடிவாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்த மரவேலைக்காரர் ஒரு தாழ்ப்பாளைச் சரிசெய்ய வந்திருந்தார். தனியாக அரை மணி நேரம் உள்ளே இருந்தார். முட்டை பிரியாணியை உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை எங்கேயோ இடுக்கில் விட்டுப் போயிருக்கிறார், அது அழுகிவிட்டது. இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. கதவை அடித்துச் சாத்திவிட்டு மேலே வந்தேன்.

போன் போட்டேன். அவர் ஏதோ ஷெட்டில் இருந்தார், பின்னால் சுத்தியல் சத்தம்.

"ஏன்யா, உனக்கு ஒரு தடவை சொன்னா போதாதா? வண்டிக்குள்ள முட்டை சாப்பிட்டியா?"

"இல்ல மேடம். நான் உள்ள சாப்பிடவே மாட்டேனே."

"அப்ப நாத்தம் எங்கேருந்து வருது? நானா சாப்பிட்டேன்? நாளைக்குக் கிளம்பணும், சாமி படம் வெச்ச இடம், தொடக்கூடாததைத் தொட்ட மாதிரி இருக்கு எனக்கு."

ஒரு மாதமாக "நீங்க" என்று பேசியவரை அன்றைக்கு "நீ" என்றேன். சுத்தியல் சத்தம் தள்ளிப் போனது. பிறகு, "முட்டை நாத்தமா மேடம்? அழுகின மாதிரியா? பேட்டரி சார்ஜ்ல இருக்கா?" என்று கேட்டார். பேச்சை மாற்றப் பார்க்கிறான் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டேன்.

என் கணவர் பூஜையை முடித்துவிட்டு விபூதியோடு வந்து நின்றார். "என்ன சத்தம்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டார். பழக்க தோஷம், அவருக்கு என்ன தெரியப் போகிறது. "பாவம், அந்த ஆள் அப்படிச் செய்யற மாதிரி தெரியலையே. நீ பார்த்தியா?"

எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான். அன்றைக்கு அது என்னைக் குத்தியது. கிளம்புகிற அவசரம், நாற்றம், என் பேச்சை நம்பாமல் இவர் வேறு ஊர்க்காரனுக்குப் பரிந்து பேசுகிறாரே என்ற ஆத்திரம்.

"பார்த்தேன்" என்றேன். "செவ்வாய்க்கிழமை, பால்கனியிலேருந்து. உள்ள உக்காந்து சாப்பிட்டதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். போதுமா?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பார்த்தேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருக்கு அது போதும். "சரி விடு, வெள்ளிக்கிழமைதானே, நான் போய்ச் சாம்பிராணி போட்டுட்டு வர்றேன். எல்லாம் சரியாயிடும்" என்றார். எங்கள் வீட்டில் எந்த நாற்றத்துக்கும் அதுதான் மருந்து. நானே அடுப்பைப் பற்றவைத்து, கொட்டாங்குச்சியைச் சுட்டு, தூபக்காலில் கங்கு போட்டுக் கொடுத்தேன். "உள்ள போய்க் கதவை நல்லா சாத்திட்டுப் போடுங்க, புகை சுத்தி நிக்கணும்" என்றேன். லிப்டில் புகை கூடாது என்று அசோசியேஷன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அவர் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

போன் அடித்தது. மரவேலைக்காரர். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கட் செய்தேன். மூன்றாவது தடவை அடித்தபோது, நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எடுத்தேன்.

அவர் என்னைப் பேசவிடவில்லை. "மேடம், வெச்சிடாதீங்க. அது பேட்டரி நாத்தம். ஓவரா சார்ஜ் ஆனா அப்படித்தான் நாறும், ஷெட்டுல நான் பாத்திருக்கேன். நான் போட்ட ஓட்டை தொறந்து இருக்கா? முதல்ல கீழ பிளக்கை ஆஃப் பண்ணுங்க. கதவைத் தொறந்து விட்டுட்டு தூரமா வந்துடுங்க. நெருப்பு மட்டும் கிட்ட கொண்டு போயிடாதீங்க மேடம், வெடிச்சிடும்."

பழுப்பு டேப் என் கண் முன்னால் வந்தது. நாலு அடுக்கு.

பால்கனிக்கு ஓடினேன். அவர் வண்டியின் பின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். கையில் தூபக்கால், மெல்லிசாகப் புகை. "ஏங்க!" என்று கத்தினேன். தெருவில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் சிரித்தார். நான் சொல்லியனுப்பியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவை நன்றாகச் சாத்தினார்.

நான் வாசல் வரை ஓடியிருப்பேன். சத்தம் வந்தது. சினிமாவில் வருகிற மாதிரி இல்லை. ஒரு பெரிய மண்பானையைத் தரையில் போட்ட மாதிரி, ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு அங்கே நின்றிருந்த கார்கள் எல்லாம் ஒன்றாக அலற ஆரம்பித்தன.

மூன்று மாடியும் செருப்பில்லாமல் இறங்கினேன். வண்டியின் கதவு தானாகத் திறந்து தொங்கியது. அவர் படியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தார். கட்டில் பலகை எழும்பிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. பேட்டரியின் மேல்பக்கம் முழுக்கப் பிளந்திருந்தது. அவர் சட்டையில் ஈரம் பட்ட இடமெல்லாம் துணி நிறம் மாறிக்கொண்டே வந்தது. "எரியுது, கண்ணு எரியுது" என்று மெதுவாகச் சொன்னார். கத்தக்கூட இல்லை. நான் என் புடவைத் தலைப்பால் துடைக்கப் போனேன்.

"துடைக்காதீங்க!" என்று ஒரு குரல். என் கையில் போன் இன்னும் இருந்தது. அந்த மனிதர் லைனில்தான் இருந்தார், சத்தத்தைக் கேட்டிருக்கிறார். "ஆசிட் மேடம் அது. துடைச்சா உள்ள இழுத்துடும். தண்ணி ஊத்துங்க. கண்ணைப் பிரிச்சுப் பிடிச்சுகிட்டு ஊத்துங்க. நிறுத்தாதீங்க, அவர் போதும்னாலும் நிறுத்தாதீங்க."

வாட்ச்மேன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். பிறகு வண்டி அலமாரியில் இருந்து கேன்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தார். பேட்டரிக்கு ஊற்ற வேண்டியிருந்த அந்த ஆறு கேன் தண்ணீரையும் நான் என் கணவர் முகத்தில் ஊற்றினேன். ஆறும் தீர்ந்த பிறகு தோட்டத்துக் குழாய். போனில் அந்தக் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆட்டோ வருகிற வரைக்கும் அவர் லைனை வைக்கவில்லை.

தண்ணீர் ஊற்றியதால்தான் இவ்வளவாவது மிஞ்சியது என்று டாக்டர் சொன்னார். இடது கண் தேறிவிடும். வலது கண்ணைப் பற்றி நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை, இப்போது அதில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. முதல் வாரம் இரண்டு கண்ணுக்கும் கட்டு. நெற்றியிலும் கன்னத்திலும் புண். மிஷினின் மாஸ்க்கை அந்த முகத்தில் கட்ட முடியாது என்று மூக்கில் மட்டும் வைக்கிற ஒரு சின்னக் குழாயை மாட்டினார்கள். அது அடிக்கடி நழுவும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு நிற்காமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவையும் செய்தேன். செய்து, கடைசியில் சேலத்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன். என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

டேப் ஒட்டியதை இரண்டாம் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன். சுவிட்சை மறந்ததையும் சொன்னேன். அழுதேன். அவர் என் கையைத் தடவி, "தெரிஞ்சா செஞ்ச? விடு" என்றார். பார்த்தேன் என்று சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். யாருக்குத் தெரியும்?

நாலாம் நாள் அந்த மரவேலைக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாத்துக்குடிப் பையோடு வாசல் பக்கமே நின்றார், உள்ளே வா என்று நான் சொல்லும் வரைக்கும் வரவில்லை. வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, பேட்டரியை அப்புறப்படுத்திவிட்டதாகச் சொன்னார். நான் செய்யச் சொல்லவில்லை. அவராகப் போய்ச் செய்திருக்கிறார்.

குரலைக் கேட்டு என் கணவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார். அவர் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வண்டிக்குள்ள சாப்பிட்டதுக்கு இவ அன்னைக்குக் கண்டபடி பேசிட்டா. அதை மனசுல வெச்சுக்காதீங்க. பசிக்கு சாப்பிடறது ஒரு தப்பா?"

நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இல்லை சார், நான் சாப்பிடவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் காத்திருந்தேன். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"பரவால்ல சார்" என்றார். "நான் ஒண்ணும் நெனைக்கல."

மழையில் அட்டைப்பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதைத்தான் நான் பார்த்திருந்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தது அதை மட்டும்தான்.

"அவர் சாப்பிடல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "ஒரு நாளும் அவர் உள்ள சாப்பிட்டதில்ல. நான் பார்க்கல."

என் கணவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். இரண்டு கண்ணிலும் கட்டு, மூக்கில் குழாய். 

"பார்த்தேன்னு சொன்னியே" என்றார்.